இரண்டாவது பிரேக்

அவருக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் வாத்தியார். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை, சுவர் முழுக்கச் சாலைக் குறிகள் வரைந்த தகரப் பலகைகள், ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, கீழே தெருவோரம் இரண்டு சின்னக் கார். அந்த டிரைவிங் ஸ்கூல் மொத்தமே அவ்வளவுதான். அங்கே பத்தொன்பது வருஷமாக அவர் உட்கார்ந்ததெல்லாம் ஸ்டீயரிங் இல்லாத இருக்கையில். அந்தப் பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு கிளட்சும் இன்னொரு பிரேக்கும் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் வாத்தியார் மிதிப்பார், வண்டி நிற்கும்.

ஆனால் அவர் எடுத்த எடுப்பில் மிதிக்க மாட்டார். முதலில் வாய், பிறகுதான் கால். "பிரேக்கு! பிரேக்கு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து கத்துவார். அவர்களாக மிதிக்கிறார்களா என்று அரைக் கணம் பார்ப்பார். மிதிக்கவில்லை என்றால்தான் அவர் கால் இறங்கும். இறங்கியதோ, தொலைந்தார்கள். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி எஞ்சினை அணைக்கச் சொல்வார்.

"இந்தக் கால் இல்லேன்னா இப்ப என்ன ஆயிருக்கும்?"

"இடிச்சிருப்பேன் சார்."

"இருப்பேன் கிருப்பேன்லாம் வேணாம். இடிச்சிட்டேன்னு சொல்லுங்க. சத்தமா."

பாங்க் மேனேஜர் சொல்லியிருக்கிறார், வக்கீல் சொல்லியிருக்கிறார், கல்யாணமாகி இரண்டு மாதமான பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். வெட்கப்படாமல் யாரும் வண்டி கற்றுக்கொண்டதில்லை என்பது வாத்தியாரின் கட்சி. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. தன் கையில் படித்தவர்கள் யாரும் இதுவரை ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட உரசியதில்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஆறு வருஷமாக லைசென்ஸ் இல்லை.

தொலைந்து போகவில்லை, யாரும் பிடுங்கவும் இல்லை. காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க ஒரு கண் டாக்டரிடம் போய் எழுதி வாங்க வேண்டும், ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த வாரம் போகலாம் என்றார், மழை விடட்டும் என்றார், அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். சாலையில் யாராவது வண்டியை நிறுத்தினால் ஓட்டுகிறவரிடம்தான் காகிதம் கேட்பார்கள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாத்தியாரை யார் கேட்கப்போகிறார்கள்? சொந்தமாக அவருக்கு வண்டியும் கிடையாது. வேலைக்கு வருவது பஸ்ஸில். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தன் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவரே மறந்திருந்தார்.

பழைய முதலாளி படுக்கையில் விழுந்து, அவர் மகள் ஸ்கூலைக் கையில் எடுத்தபோது வந்தது வினை. இரட்டைச் சடையோடு அந்த அறையில் ஓடி விளையாடிய பெண் அவள். வாத்தியாருக்கு அவள் இன்னும் பாப்பாதான். ஆனால் பாப்பா மேசை இழுப்பறைகளைக் காலி செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல் போட்டாள்.

"அண்ணே, ரெண்டு மாசத்துல ஆர்.டி.ஓ. ஆபீஸ்லேருந்து சோதனைக்கு வராங்களாம். உங்க லைசென்ஸ் காப்பி ஒண்ணு குடுத்துடுங்க. ஃபைல்ல உங்களது மட்டும்தான் இல்ல."

"அதுக்கென்ன பாப்பா, வீட்டுல இருக்கு."

வீட்டில் இருந்தது உண்மைதான். அலமாரியில் மனைவியின் பட்டுப்புடவைக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓடினார். ஏதாவது எழுதிக் கொடுத்தால் புதுப்பித்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தள்ளினார்.

"அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு. இது செல்லாது. முதல்லேருந்து வாங்க."

"முதல்லேருந்துன்னா?"

"பழகுநர் லைசென்ஸ், அப்புறம் டெஸ்ட். புதுசா கத்துக்கறவங்களுக்கு என்னவோ அதேதான். நல்ல டிரைவிங் ஸ்கூலாப் பாத்துச் சேந்துக்குங்க."

குமாஸ்தா நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். வாத்தியாருக்குக் காது மடல் வரை எரிந்தது. பின்னால் நின்ற கூட்டத்தில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே வந்தார். வீட்டில் மனைவி, "என்னங்க, முகம் ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டதற்கு, வெயில் என்று சொல்லிவிட்டார்.

பழகுநர் லைசென்ஸுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீசை அரும்பாத பையன்கள். திரையில் சாலைக் குறிகள் வந்தன. பத்தொன்பது வருஷமாகச் சுவரில் குச்சி வைத்துத் தட்டிக் காட்டிய அதே குறிகள். அதிலும் ஒன்றைத் தப்பாக அழுத்திவிட்டார். பாஸாகிவிட்டார், ஆனால் அந்த ஒரு தப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது. டெஸ்ட்டுக்கு இருபது மைல் தள்ளி இருந்த இன்னொரு மையத்தைக் கேட்டு வாங்கினார். இங்கே உள்ள அதிகாரிகளுக்கெல்லாம் அவரைத் தெரியும்.

அந்த நாட்களில் அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு நர்ஸம்மா. ஐம்பத்தொரு வயது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு தொடங்குகிறார்கள். கார் ஆஸ்பத்திரியே கொடுக்கும், ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றாம் தேதிக்குள் லைசென்ஸ் காட்டினால் அந்த வேலை நர்ஸம்மாவுக்கு. இல்லையென்றால் அடுத்து இருப்பவளுக்குப் போகும். இருபத்தெட்டு வருஷ இரவு டியூட்டியில் முழங்கால் இரண்டும் வீங்கிப்போன அந்த அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஏழு வாரம் வாத்தியார் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கியர் மாற்றும்போது குனிந்து பார்த்தால் கத்தல், கண்ணாடி பார்க்காமல் திரும்பினால் கத்தல். தன் பையில் பழகுநர் லைசென்ஸ் வந்த பிறகு கத்தல் இன்னும் கூடியது. தனக்குள் இருந்த உதறலுக்கு அந்த அம்மா வடிகால் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் கத்தினார். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கடக்கும்போது நர்ஸம்மா வேகத்தைக் குறைக்கவில்லை. வாத்தியார் கால்தான் நிறுத்தியது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே அந்த அம்மா எஞ்சினை அணைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இடிச்சிட்டேன் சார்," என்றார். பிறகு, "நீங்க கத்தறதுல தப்பே இல்ல சார். எங்க வார்டுல தப்பு ஊசி போட்டா நாங்களே போய்ச் சொல்லிடணும். மறைச்சாத்தான் ஆபத்து. நீங்க முதல் தடவையே பாஸ் பண்ணியிருப்பீங்க, இல்ல?" என்று கேட்டார்.

"ஒரே தடவை," என்றார் வாத்தியார். அது பொய்யில்லை, இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய உண்மை. அதனால்தான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

டெஸ்ட்டுக்கு முன்னால் நர்ஸம்மாவின் பயிற்சிப் படிவத்தில் வாத்தியார் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்குக் கீழே பயிற்சி தந்தவரின் லைசென்ஸ் எண் எழுதக் கட்டம் இருந்தது. செத்துப்போன அந்தப் பழைய எண்ணை மனப்பாடமாக எழுதினார். எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸம்மா, "எல்லாம் உங்க புண்ணியம் சார்," என்று இரண்டு கையாலும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்.

வாத்தியாருக்கு டெஸ்ட் செவ்வாய்க்கிழமை. நர்ஸம்மாவுக்கு வியாழக்கிழமை, உள்ளூர் மையத்தில். பாப்பாவிடம் பல்வலி என்று லீவு சொல்லிவிட்டு, காலை பஸ் பிடித்து இருபது மைல் தள்ளிப் போய் இறங்கினார். டோக்கன் பதினாலு. தகரக் கொட்டகைக்குள் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஓரமாக ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

"சார்!"

நிமிர்ந்தார். நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் அந்தப் படிவம்.

"நம்ம ஊர்ல டெஸ்ட் ட்ராக்கைத் தோண்டிப் போட்டிருக்காங்களாம் சார். நேத்து சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு, வியாழக்கிழமைக்குப் பதிலா இன்னைக்கே இங்க வரச் சொல்லி. ஸ்கூலுக்குப் போன் போட்டேன், உங்களுக்குப் பல்வலி, வர மாட்டீங்கன்னாங்க. ஒத்தையிலதான் வந்தேன். கடைசியில எனக்காக வந்துட்டீங்களா?" அந்த அம்மாவின் கண் கலங்கியே விட்டது.

அப்போது அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. கொஞ்சம் அசடு வழிந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் இத்தனை நாளாக அந்த அம்மாவைச் சத்தமாகச் சொல்ல வைத்தவருக்குத் தன் முறை வந்தபோது வேறு வார்த்தைதான் வந்தது.

"ஆமாம்மா," என்றார்.

"எந்தப் பல்லு? வாயைத் தெறங்க, பாக்கறேன்."

"இல்லம்மா, பரவாயில்ல..."

"நான் நர்ஸு சார். தெறங்க."

கொட்டகையில் முப்பது பேர் பார்த்திருக்க, பிரேக் வாத்தியார் ஆவென்று வாயைத் திறந்து காட்டினார். நர்ஸம்மா செல்போன் வெளிச்சத்தை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். "வீக்கம் ஒண்ணும் இல்லையே. நரம்புல இருக்கும். எனக்காக இந்த வலியோட..." என்று தலையை ஆட்டினார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. பூமி அதெல்லாம் செய்வதில்லை.

"பதினாலு!" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையில் டோக்கன் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். "யாரோ பாவம், பயந்துக்கிட்டு வரலை போல," என்றார் நர்ஸம்மா. அவருடைய டோக்கன் பத்தொன்பது. அது வரும்வரை வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணாடி பாருங்க, கிளட்சை மெதுவா விடுங்க என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்து போனதும் கவுண்டருக்கு ஓடி, பாத்ரூம் போயிருந்தேன் என்று கெஞ்சினார். கடைசி ஆளாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

கடைசி முறை வந்தபோது நர்ஸம்மாவைக் காணவில்லை. பஸ் ஏறிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு மையத்தின் காரில் ஏறினார். பக்கத்து இருக்கையில் தேர்வு அதிகாரி, மெல்லிய குரல்காரர். அவர் காலடியிலும் இரண்டாவது பிரேக் இருந்தது. ஸ்டீயரிங் வாத்தியாரின் உள்ளங்கையில் வழுக்கியது. பெல்ட்டைத் தேடிக் கை தப்பான தோளுக்குப் போனது. கண்ணாடியைப் பார்க்க முகம் பழக்க தோஷத்தில் அதிகாரி பக்கக் கண்ணாடிக்குத் திரும்பியது. இருந்தாலும் வண்டி ஒழுங்காகத்தான் போனது. மேட்டில் நிறுத்தி எடுத்தார், பின்னால் வந்து நிறுத்திக் காட்டினார். மையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போய் வாசலுக்குத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி.

வாசலுக்கு எதிரே பாதசாரிகள் கடக்கும் கோடு. அதில் ஒரு பெண்மணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினார். கார் நிற்கும் என்று நம்பி, சட்டப்படி, நிதானமாக வந்தார். வாத்தியார் பார்த்தார். முப்பது அடி. இருபது அடி.

"பிரேக்கு! பிரேக்கும்மா!" என்று கத்தினார்.

கத்திவிட்டுக் காத்திருந்தார். பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த அதே அரைக் கணம். ஓட்டுகிறவர் மிதிக்க வேண்டும். ஓட்டுகிறவர் மிதிக்கவில்லை.

அதிகாரியின் கால் மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. முன்பக்கத்துக்கும் அந்தப் பெண்மணியின் புடவைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்த முகம் நர்ஸம்மாவுடையது.

"யாரை மிதிக்கச் சொன்னீங்க?" என்று அதிகாரி கேட்டார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"இடிச்சிட்டேன் சார்," என்றார் வாத்தியார். யாரும் கேட்காமல், தானாக வந்தது.

அதிகாரி தாளில் ஒரு கோடு இழுத்து, முப்பது நாள் கழித்து வரச் சொன்னார். வாத்தியார் இறங்கினார். நர்ஸம்மா வாசல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பாஸ் என்று முத்திரை குத்திய அந்தப் பயிற்சிப் படிவம். அதைக் காட்டத்தான் எதிர்ச்சாரியிலும் கொட்டகையிலும் அவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க ஏன் சார் அந்த சீட்ல?"

இந்த முறை சொல்லிவிட்டார். ஆறு வருஷம், காலாவதி, பதினாலாம் டோக்கன், இல்லாத பல்வலி, எல்லாம். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் மாறியது. வாத்தியார் திட்டுக்குத் தயாராக நின்றார். திட்டு விழுந்தால் கொஞ்சம் ஆறும் என்றுகூட இருந்தது. ஆனால் நர்ஸம்மா கையிலிருந்த தாளைத் திருப்பி, அடியில் இருந்த கட்டத்தில் விரல் வைத்தார்.

"இந்த நம்பர்?"

"பழசும்மா. செல்லாது."

"அப்ப நான் பாஸ் பண்ணது?"

அவருக்குத் தெரியவில்லை. சட்டென்று கவுண்டர் பக்கம் திரும்பினார். "நானே போய்ச் சொல்லிடறேன்மா. தப்பு என்னுது. உங்க மேல ஒண்ணும் வராம நான்..."

நர்ஸம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"எதுக்கு? உங்க மனசு லேசாகறதுக்கா?" குரல் தாழ்ந்திருந்தது. "போய்ச் சொல்வீங்க. இதை ரத்து பண்ணுவாங்க. வேற வாத்தியார்கிட்டப் பழகி, வேற தேதி வாங்கி வரதுக்குள்ள ஒண்ணாந்தேதி போயிடும். என் முழங்காலை வெச்சுக்கிட்டு இன்னும் ஏழு வருஷம் நான் ராத்திரி டியூட்டி பாக்கணும். கத்துக்கிட்டது நான் சார். ஒழுங்கா ஓட்டினதும் நான். நீங்க பேசாம இருங்க."

"சரிம்மா."

"ஒரு தப்பையும் மறைச்சதில்ல நான், இருபத்தெட்டு வருஷமா. உங்களுக்குத் தெரியுமா அது?" படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார். "இனிமே யாராவது இந்தத் தாளைக் கையில எடுத்தா, என் வயித்துல புளியக் கரைக்கும். உங்களால."

"நாளையிலேருந்து அந்த சீட்ல உக்கார மாட்டேன்மா," என்று மட்டும் சொன்னார். நர்ஸம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தும் அந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர் அங்கேயே நின்று பாப்பாவுக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"ஏன்ண்ணே?" என்றாள் பாப்பா. "அப்பா நல்லா இருந்தப்பவே சொல்லியிருக்கலாமே. உங்களை யாரு வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க?"

"வெக்கமா இருந்துச்சு பாப்பா."

"போன வாரம் நர்ஸம்மா ஃபாரத்துல கையெழுத்துப் போட்டீங்களே."

"ஆமா."

"அவங்க டெஸ்ட் என்னாச்சு?"

"பாஸ்."

ஃபைல்களைப் புரட்டுகிற ஓசை கேட்டது. இந்த ஆறு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட தாள்களின் நகல் அத்தனையும் அவள் அடுக்கி, துளை போட்டு, கயிறு கட்டி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் அதே செல்லாத எண். சோதனைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக மடங்காமல் கசங்காமல் வைத்திருந்தது அவள்தான்.

"அண்ணே," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நர்ஸம்மாகிட்ட மட்டும்."

"வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க."

போன் வைக்கப்பட்டது. தப்பை மறைக்காத ஒரு நர்ஸ், ஒரு காகிதம் குறைந்தால்கூடத் தூங்காத ஒரு பெண், இருவரும் ஒரே நாளில் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். சொல்ல வைத்தவர், ஃபெயில் என்று எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.